மின்கசிவு என்று எழுதுவதற்கு முன்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, நெருக்கடியான நேரத்தில் பதறாமல் முடிவெடுப்பது எப்படி என்று எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் என்னோடு ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை என்பது இதிலேயே தெரிகிறது. இடிந்த கட்டடத்துக்குள் ஹெல்மெட்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நுழைந்து, பத்திரமாக வெளியே வந்த பிறகு ஞாபகம் வந்து தலையில் மாட்டிக்கொண்டவன் நான். ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், "மாத்திரைய மாத்துறதுக்குப் பதிலா வேலைய மாத்துங்களேன்" என்றார். அதனால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனாலும் ஒன்று சொல்வேன். இத்தனை வருடத்தில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு, பதறிப்போய் எடுத்தது.

இன்சூரன்ஸ் சர்வேயர் என்றால் நம் ஊர்ப்பக்கம் இன்னமும் நிலம் அளக்க வந்தவர் என்றுதான் நினைக்கிறார்கள். தாடிக்கொம்புப் பக்கம் ஒருவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பங்காளியின் வரப்பைக் காட்டியிருக்கிறார். நாம் அளப்பது எரிந்ததையும் இடிந்ததையும். எவ்வளவு போயிற்று, எதனால் போயிற்று என்று இரண்டு கேள்வி. முதல் கேள்விக்கு நாம் மண்டையை உடைத்துக்கொள்வோம். இரண்டாவதற்கு ரெடிமேடாக ஒரு பதில் வைத்திருக்கிறோம். 'மின்கசிவு காரணமாக இருக்கலாம்.'

தறிக்கூடம் எரிந்தால் மின்கசிவு. தேங்காய் நார்க் கிட்டங்கி எரிந்தால் மின்கசிவு. வைக்கோல் படப்பு எரிந்தால்கூடப் பக்கத்தில் ஒரு கம்பம் நின்றால் போதும். தீயணைப்புக்காரர்கள் அதை எழுதுவார்கள், போலீஸ்காரர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள், நாம் இரண்டையும் பார்த்து எழுதுவோம். இதில் இருப்பது சோம்பல் மட்டும் இல்லை, ஒரு தயவும் இருக்கிறது. எரிந்த இடத்தில் நின்றுகொண்டு யாரையும் கைகாட்ட வேண்டாம். பீடி பிடித்தவன், சாம்பிராணி போட்டவள், எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள். கரண்டு ரோஷப்பட்டு நம் முன்னால் வந்து நிற்காது.

ஒரு தடவை வந்து நின்றது. அதன் பெயர் கோவிந்தன்.

சின்னாளபட்டிக்கு வெளியே ஒரு சேலைக் கிட்டங்கி. சுங்குடிச் சேலைகள் மடித்து அடுக்கியது ஒரு பக்கம், நூல் பேல்கள் ஒரு பக்கம். வெயில் பட்டால் சாயம் வெளிறும் என்று சன்னல்களைச் சாத்தி, மேலே சாக்கையும் அடித்திருந்தார்கள். பகலிலேயே உள்ளே கை தெரியாது. கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டவன் ரமேஷ் என்ற இளைஞன். மாதத்துக்கொரு முறை பராமரிப்பு வேலைக்காகக் காலை முதல் சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்களே, அப்படி ஒரு நாளில், சாயங்காலம் கரண்டு திரும்பி வந்த சமயத்தையொட்டித் தீப்பிடித்தது. கதவருகே வந்துவிட்டான் ரமேஷ். புகை அவனை வெளியே விடவில்லை.

அந்தக் கிட்டங்கிக்கு லைன் இழுத்தவன் கோவிந்தன். தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து வயர்மேன் ஆனவன். ரமேஷுக்குத் தன் தங்கை தனலட்சுமியைக் கொடுத்தவனும் அவன்தான். ரமேஷ் உட்காரும் மூலைக்கு ஒரு லைட்டும் ஃபேனும் வேண்டும் என்று அவன்தான் போட்டுக்கொடுத்திருந்தான். நான் போய்ச் சேர்வதற்குள் தெருவே தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தது: கரண்டு வந்த வேகத்தில் ஹை வோல்டேஜ் அடித்து, கோவிந்தன் போட்ட லைன் வெடித்துவிட்டது.

கிட்டங்கி முதலாளி எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார். நல்ல மனுஷன். இரண்டு நாளாகத் தூங்காத கண்.

"மின்கசிவுன்னு எழுதிட்டுப் போங்க சார். எல்லாரும் அதத்தான் சொல்றாக. யாருக்கு என்ன நட்டம்?"

எனக்கும் அதே எண்ணம்தான். தீக்காப்பீட்டில் வேண்டுமென்று கொளுத்தாத வரை, தீ எப்படி வந்தாலும் தீதான். திண்டுக்கல்லிலிருந்து ஸ்கூட்டரில் வரும்போதே அந்த வரியை மனசுக்குள் எழுதி முற்றுப்புள்ளியும் வைத்திருந்தேன். இளநீரில் வாய் வைக்கும்போது, கரிந்த கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வந்து நின்றான். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"நீங்கதான் எழுதுற சாரா?"

"ஆமா. நீங்க?"

"நாந்தான் சார் லைன் போட்டது. எம் பேரு கோவிந்தன். எழுதிக்கங்க. மின்கசிவுன்னு மொட்டையா எழுதாதீக. கோவிந்தன் போட்ட லைன்னு எழுதுங்க."

"அப்படி எல்லாம் பேர் போட்டு எழுத மாட்டோம் தம்பி."

"ஏன் மாட்டீக? எந் தங்கச்சி எம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறா. ஊருக்கே தெரியுது. எழுத்துல மட்டும் ஏன் இல்ல?"

முதலாளி குறுக்கே வந்தார். "ஏலே கோவிந்தா, போலே. சார் வேலையப் பாக்கட்டும்."

"நான் சாமானையெல்லாம் கெணத்துல போட்டுட்டேன் சார். டெஸ்டரு, கட்டிங் பிளேயரு எல்லாம். இனிமே நான் யாரு வீட்டுக்கும் லைன் போட மாட்டேன். அதையும் எழுதிக்கங்க."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் தோளில் தட்டிச் சமாளித்திருப்பேன். பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றான். என் கையிலிருந்து இளநீர் நழுவியது. இந்த ஆள் இங்கிருந்து போனால் அடுத்து கிணற்றில் எதைப் போடுவான் என்று தோன்றிய நொடியில், வாய் தானாகப் பேசியது.

"இது நான் முடிவு பண்ற விஷயமில்ல தம்பி. மதுரைலருந்து தனியா ஒரு இன்ஜினியர் வர்றாங்க. அவுங்க பார்த்துட்டுத்தான் எழுதுவோம். அதுவரைக்கும் நீங்க ஊர்லயே இருக்கணும். நாங்க கேள்வி கேட்போம்."

அப்படி எந்த இன்ஜினியரும் வருவதாக இல்லை. அந்த ஆளை அனுப்பிவைக்க நான் அந்த இடத்திலேயே ஓர் இன்ஜினியரைப் பெற்றெடுத்தேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். கேள்வி கேட்பார்கள் என்பது அவனை எப்படியோ நிறுத்தி வைத்தது.

பிறகு மரத்தடியில் நின்று கம்பெனி அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"சாதாரண மின்கசிவுக்கு எதுக்கு சார் நிபுணர்?"

"சார், கேஸ் சிக்கலா இருக்கு."

"என்ன சிக்கல்?"

பொய்யை இன்ஜினியரிலேயே செலவழித்துவிட்டதால் கைவசம் வேறு இல்லை. உண்மையைச் சொன்னேன். "ஒரு உயிர் போயிருக்கு. ஒருத்தர் மேல பழி விழுது. எதனாலன்னு எனக்குத் தெரியல சார்."

பார்த்துச் சொல்கிறேன் என்று அவசரமாகப் போனை வைத்தார். 'தெரியல' என்று ஒரு சர்வேயர் சொல்லி அவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது. மறுநாள் அனுமதி வந்தது.

இன்ஜினியர் அம்மா மதுரையிலிருந்து ஒரு சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். கம்பெனியிடம் சம்பளம் வாங்காதவர், முதலாளியைத் தெரியாதவர். காரை விட்டு இறங்கியதும் நான் ஓடிப்போய் ரமேஷ், கோவிந்தன், தங்கை என்று கொட்ட ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"யார் பேரையும் எங்கிட்ட சொல்லாதீங்க சார். சொன்னா என் கண்ணு அங்கயே போகும். இடத்த மட்டும் காட்டுங்க."

முதலாளி இவருக்கும் இளநீர் வெட்டினார். "வேல முடியட்டுங்க" என்று இன்ஜினியர் அம்மா தள்ளி வைத்தார். நான் அன்று இரண்டு இளநீர் குடித்தேன்.

அவர் பார்த்த எல்லாவற்றையும் எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். இரண்டை மட்டும் சொல்கிறேன். கரண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வயர் வெந்து ஒன்றோடொன்று உரசினால், தாமிரம் உருகி நுனியில் சின்னச் சின்ன மணியாகத் திரண்டு நிற்கும். ரமேஷ் மூலைக்குப் போன வயரை அவர் சாம்பலிலிருந்து சாண் சாணாக எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு மணிகூட இல்லை. இரண்டாவது, வாசல் பக்கச் சுவரில் இருந்த மெயின் சுவிட்ச். இரும்புப் பெட்டி, பக்கத்தில் கைப்பிடி. கைப்பிடி ஆஃபில் இருந்தது.

நான் புத்திசாலித்தனமாக, "தீயணைப்புக்காரங்க ஆஃப் பண்ணியிருப்பாங்க மேடம்" என்றேன்.

"கேட்டேன். கம்பத்துலயே வெட்டிட்டாங்களாம், பெட்டியத் தொடலைங்கிறாங்க. ஆனா அவுங்க சொல்றத மட்டும் வச்சு எழுத முடியாது." பெட்டியைத் திறந்தார். "இங்க பாருங்க. சுவிட்ச் ஆன்ல இருந்தா இந்தத் தகடு இந்தத் தாடைக்குள்ள கவ்விக்கிட்டு இருக்கும். அப்பப் புகை அடிச்சா, கவ்வின எடத்துல மட்டும் கரி ஏறாது. பளிச்சுன்னு இருக்கும்."

தகடு நுனியிலிருந்து அடி வரை ஒரே கரி.

"அப்படின்னா?"

"புகை வர்றதுக்கு முன்னாலயே யாரோ மெயின ஆஃப் பண்ணியிருக்காங்க. உள்ள கரண்டே இல்ல. இந்தத் தீக்குக் கரண்டு காரணமில்ல."

எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. "அப்ப வேற என்ன மேடம்?"

ரமேஷ் மூலையில், மர அலமாரியின் அடித்தட்டைக் காட்டினார். கீழிருந்து மேலே விரிந்து ஏறியிருந்தது எரிந்த தடம். "கீழ இருந்துதான் பிடிச்சிருக்கு. என்ன இருந்துச்சுன்னு தெரியல. இருந்தது எரிஞ்சுபோச்சு. 'மின்சாரம் இல்லை, வேறு காரணம் நிர்ணயிக்க முடியவில்லை.' அம்புட்டுத்தான் எழுதுவேன்."

முதலாளி முகம் வெளுத்தது. கிட்டங்கிக்குள் தீக்குச்சி, விளக்கு எதுவும் கொண்டுபோக மாட்டோம் என்று பாலிசியில் கையெழுத்துப் போட்டவர் அவர். கரண்டு இல்லை என்றால் அடுத்து கம்பெனிக்காரர்கள் அந்தக் கையெழுத்தைக் காட்டிப் பணத்தை நிறுத்தப் பார்ப்பார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, தெரியலன்னு எழுத எதுக்கு மதுரைலருந்து வரணும்? அத எங்க ஊர்லயே ஆயிரம் பேரு சொல்வாகளே. மின்கசிவுன்னு போட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"எல்லாருக்குமா?" என்று மட்டும் கேட்டார் இன்ஜினியர் அம்மா.

மெயினை யார் நிறுத்தியிருப்பார்கள் என்று ரமேஷின் வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருந்தது. அடுத்த தெரு. இன்ஜினியர் அம்மா காரில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் போனேன். மழை இருட்டிக்கொண்டு நின்ற பிற்பகல்.

வாசலிலிருந்தே தறிச் சத்தம் கேட்டது. புருஷன் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை, தனலட்சுமி தறியில் உட்கார்ந்துவிட்டாள். தறியில் ஏற்றிய பாவு நூலை நெய்து முடித்துக் கொடுக்க வேண்டுமாம். உள்ளே போனவன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். வீட்டில் ஒரு லைட்டும் இல்லை. தறிக்குழி ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட டப்பா மேல் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. பக்கத்திலேயே பஞ்சு நூல், மேலே இழுத்துக் கட்டிய பாவு, அதற்கடியில் திரி ஆடிக்கொண்டிருந்தது.

"கரண்டு இல்லையாம்மா?"

"இருக்கு சார். ஃபியூஸ் கட்டையப் புடுங்கி வச்சிட்டேன்." தறியை நிறுத்தவில்லை. "இந்த வீட்டுக்கும் அண்ணன் போட்ட லைன்தான். எங்க வீட்டுக்காரரு போனதுலருந்து சுவிட்சப் பாத்தாலே நெஞ்சு படபடங்குது. கரண்ட நம்பி இனி இருக்க முடியாது சார்."

தம்பிகளா, தங்கைகளா, நான் எழுத இருந்த அந்த வரி என்ன செய்திருக்கும் என்பதை அந்த வீட்டில் பார்த்தேன். நான் அதை இன்னும் தாளில்கூட எழுதவில்லை. தெரு பேசியதே போதுமாக இருந்தது. கரண்டுக்குப் பயந்து நெருப்பைக் கொண்டுவந்து பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதற்கு மேல் நம் முத்திரையும் கையெழுத்தும் விழுந்திருந்தால், அவளை யார் என்ன சொல்லி மாற்றியிருக்க முடியும்?

அந்த நேரம் நான் செய்திருக்க வேண்டியது, நிதானமாக விளக்கை அணைக்கச் சொல்வது. நான் செய்தது, செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் ஓடியது. இன்ஜினியர் அம்மா டிக்கியை மூடிக்கொண்டிருந்தார்.

"மேடம், வாங்க. ஒரு நிமிஷம் வாங்க."

"என்ன ஆச்சு சார்?"

"பேர் சொல்லக் கூடாதுன்னீங்க. இப்பச் சொல்றேன், கேட்டே ஆகணும்."

இந்தத் தடவை அவர் நிறுத்தவில்லை. முழுவதையும் கேட்டுக்கொண்டே நடந்தார். வீட்டுக்குள் வந்ததும் தறிக்குழி ஓரத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார். விளக்கை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

"நான் கிட்டங்கியப் பாக்க வந்த இன்ஜினியர்மா. உன் அண்ணன யாருன்னு எனக்குத் தெரியாது. இன்னும் பாத்ததில்ல. நான் பாத்தத மட்டும் சொல்றேன். தீப்பிடிச்சப்ப அந்த லைன்ல கரண்டு இல்ல. மெயின் ஆஃப்ல இருந்துச்சு."

தறி நின்றது.

"அவருதான் ஆஃப் பண்ணியிருப்பாரு" என்றாள் தனலட்சுமி மெதுவாக. "கரண்டு போனா மெயின ஆஃப் பண்ணிரணும், வந்தாலும் செத்த நேரம் கழிச்சுத்தான் போடணும்னு அண்ணன் சொல்லி வச்சிருந்துச்சு. வீட்டுலயும் அப்படித்தான் செய்வாரு." கொஞ்சம் யோசித்தாள். "அப்ப உள்ள இருட்டால்ல இருந்திருக்கும்? அவரு போனும் காலையிலயே சார்ஜ் இல்லாம அமந்துபோச்சு. நான் போட்டுப் போட்டுப் பாத்தேன்."

இன்ஜினியர் அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அப்ப அவரு உள்ள மெழுகுவத்தி எதும் ஏத்துனாரா?"

அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் ஒரே படம்தான் ஓடியது என்று நினைக்கிறேன். இன்ஜினியர் அம்மா அவள் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்.

"எனக்குத் தெரியாது. அதுக்கு அங்க சாட்சி எதுவும் மிஞ்சல. தெரியாதுன்னுதான் எழுதுவேன். செத்தவர் மேல ஊகமா ஒண்ண எழுத மாட்டேன். உயிரோட இருக்கவர் மேலயும் எழுத மாட்டேன்."

தனலட்சுமி வெகுநேரம் விளக்கையே பார்த்தாள். பிறகு குனிந்து ஊதி அணைத்தாள். அறை சட்டென்று இருண்டது. இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"சார், அண்ணனக் கூட்டிட்டு வாரீகளா?"

கோவிந்தன் தெருமுனைக் கல்லில் உட்கார்ந்திருந்தான். வரும் வழியிலேயே சொன்னேன். லைன் இல்லை, மெயின் ஆஃப், எழுத்தில் உன் பெயர் வராது. அவன் முகத்தில் ஏதாவது விடியும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் நின்றுவிட்டான்.

"மாப்ள மெயின ஆஃப் பண்ணியிருக்கானா?"

"ஆமாப்பா. நீ சொன்னபடி."

"நான் சொன்னபடி." அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். "நான் சொல்லலன்னா, கரண்டு வந்ததும் அந்த மூலைல லைட்டு தானா எரிஞ்சிருக்கும்ல சார்?"

ஒரு பழியிலிருந்து இறக்கிவிட்டால், நடந்துவரும் இருபது வீட்டுத் தூரத்தில் இன்னொன்றைத் தேடி ஏறி உட்கார்ந்துகொள்கிறான். இன்ஜினியர் அம்மாவைப் பார்த்தேன். சாட்சி கேட்டால் தருவார் இல்லையா.

"அதுக்கு எங்கிட்ட ரிப்போர்ட் இல்ல தம்பி" என்றார் அவர். "தீ பிடிச்சதுக்கு முன்னாடி கரண்டு வந்துச்சா, பின்னாடி வந்துச்சான்னே எனக்குத் தெரியாது. நீங்க அவருக்குச் சொன்னது சரியான யோசனை. நான் இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

அவன் அதை நம்பினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளேயிருந்து தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணே. உள்ள வா. இருட்டா இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் போனான். ஃபியூஸ் கட்டையை இருட்டில் அவன் கையில் வைத்தாள். எடுத்தவுடன் மாட்டிவிடவில்லை. ஒவ்வொரு சுவிட்சாகக் கழற்றிப் பார்த்தே தீருவேன் என்றான். சாமான் கிணற்றில். இன்ஜினியர் அம்மா தன் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து நீட்டினார். நான் போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். என் கை ஆடிய ஆட்டத்தில் அவன் இரண்டு தடவை, "சார், சுவத்துல அடிங்க, என் மூஞ்சில அடிக்காதீக" என்றான்.

முடித்ததும் டெஸ்டரைத் துடைத்து இன்ஜினியர் அம்மாவிடம் நீட்டினான். வைத்துக்கொள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் வாங்கிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"உங்களுது கெணத்துல இருக்குல்ல. எடுத்துக்கங்க."

முதலாளிக்குப் பணம் வந்தது, இழுத்தடித்துத்தான் வந்தது. 'நிர்ணயிக்க முடியவில்லை' என்ற வார்த்தைக்காகக் கம்பெனிக்காரர்கள் என்னை மாதக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். அந்தப் பக்கங்களை நீங்கள் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாதபோது, தெரிந்துகொள்ளத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவரும் தெரியாது என்றால் அதையே எழுதுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, என் கையெழுத்து எப்போதும் அப்படித்தான் இருந்தது.

அன்றைக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. ஃபியூஸை மாட்டியாயிற்று. சுவிட்சை யாராவது போட வேண்டும். கோவிந்தன் போடவில்லை. தனலட்சுமி போடவில்லை. இன்ஜினியர் அம்மா என்னைப் பார்த்தார். நான் ஹெல்மெட்டை ஸ்கூட்டரிலேயே விட்டுவிட்டு வந்ததை நினைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஒரு விரலால் தட்டினேன். எதுவும் வெடிக்கவில்லை.

"கண்ணத் தொறங்க சார்" என்றாள் தனலட்சுமி. "எரியுது."

திறந்தேன். யாரும் பல்பைப் பார்க்கவில்லை, தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு இருந்த இடத்துக்கு நேர் மேலே, பாவு நூலின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்குப் பொசுங்கிப் பழுப்பேறியிருந்தது.